சைடர் பாட்டிலில் தக்கை ஏன் மேலேறுகிறது, ஏன் கசிகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்த ஆப்பிள் சைடர், அதாவது நொதிக்கவைத்த ஆப்பிள் சாறு. நொதித்து அடங்கிய பிறகு, நுரை வருவதற்காக லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை கலந்து, கழுவி வைத்திருந்த 22 ஷாம்பெயின் பாட்டில்களில் நிரப்பியிருக்கிறீர்கள். சாதாரண ஒயினுக்குப் போடும் 24 மி.மீ. தடிமனுள்ள நேர்த் தக்கைகளைக் கொதிக்கவைத்து, தரையில் நிற்கும் நெம்புகோல் இயந்திரத்தால் அடித்திருக்கிறீர்கள். மறுநாள் காலையிலேயே ஏழெட்டுத் தக்கைகள் அரை விரற்கடை மேலே வந்துவிட்டன. இரண்டு முழுக்க உள்ளே போய்விட்டதால், தக்கையைப் பிடித்து நிறுத்தும் கம்பிக்கூடு போட இடமில்லை. பத்து நாளில் மூன்று பாட்டில்களின் கழுத்தில் பிசுபிசுப்பு. மூன்றாவது வாரம் ஒன்றைத் திறந்தால் சத்தமே இல்லை. தக்கை மட்டமா, இயந்திரம் மட்டமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே மட்டம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இங்கே நடந்திருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று நான்கு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எது எந்த நாளில் நடந்தது என்று நீங்களே எழுதியிருப்பது பெரிய உதவி. தக்கைப் பிரச்சினையில் நான் முதலில் கேட்பது ‘எப்போது’ என்பதைத்தான். முதல் இரவில் ஏறும் தக்கைக்கும் பத்தாம் நாள் கசியும் தக்கைக்கும் காரணம் வேறு வேறு.

அதற்கு முன்னால், அந்தத் தக்கை என்ன சுமையைத் தாங்குகிறது என்று பார்த்துவிடுவோம். ஷாம்பெயின் பாட்டில் வாயின் உள்விட்டம் சுமார் 17.5 மி.மீ. அதன் பரப்பு 2.4 சதுர சென்டிமீட்டர். லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால், சைடரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுவையும் சேர்த்து, ஒரு லிட்டர் சைடரில் சுமார் 3.3 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் இது தக்கையை அடியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். அதே பாட்டில் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரியில் இருந்தால் 3 கிலோதான். 35 டிகிரி வெயில் அறையில் வைத்தால் 11 கிலோ. சர்க்கரையில் ஒரு சிட்டிகைகூடக் கூட்டவில்லை, சூடு மட்டும்தான் மாறியிருக்கிறது. இரவும் பகலும் 7 கிலோ தள்ளிக்கொண்டே இருந்தால், எவ்வளவு இறுக்கமான தக்கையும் ஒருநாள் நகரும். அதனால்தான் நுரைக்கும் பானத்தில் தக்கையின் வேலை வாயு போகாமல் அடைப்பது மட்டும். பிடித்து நிறுத்துவது கம்பியின் வேலை. 1844-ல் பிரான்ஸில் அடோல்ஃப் ஜாக்கஸோன் தகட்டு மூடியோடு கூடிய கம்பிக் கட்டுக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்பெல்லாம் சணல் கயிற்றால் தக்கையைக் கட்டி வைத்தார்கள். 

சரி, முதல் இரவுக்கு வருவோம். மறுநாள் காலைக்குள் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தொட்டிருக்கவே மாட்டாது. அப்படியானால் தக்கையைத் தள்ளியது எது? நீங்களே அடைத்து வைத்த காற்று. தக்கை உள்ளே இறங்கும்போது, சைடருக்கும் தக்கைக்கும் நடுவில் இருக்கும் காற்று வெளியே போக வழியில்லாமல் நசுங்குகிறது. கணக்குப் போட்டால் இது எவ்வளவு பெரியது என்று தெரியும். பாட்டில் வாயிலிருந்து 5 செ.மீ. கீழே வரை சைடர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் காற்று சுமார் 12 மி.லி. 38 மி.மீ. நீளமுள்ள ஒயின் தக்கையை வாய்மட்டத்துக்கு அடித்தால் அது 9 மி.லி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 12 மி.லி. காற்று 3 மி.லி.க்குள் ஒடுங்கினால் அழுத்தம் நான்கு மடங்கு. தக்கையின் அடியில் அப்போதே 7 கிலோ. நுரை வந்த பிறகு இருக்க வேண்டிய அழுத்தத்தை நுரை வரும் முன்னரே கொடுத்துவிட்டீர்கள்! இன்னும் ஒரு சென்டிமீட்டர் அதிகமாக நிரப்பியிருந்தால் தக்கை உங்கள் கண் முன்னாலேயே திரும்பி வந்திருக்கும்.

இதே பாட்டிலில் தக்கையை 25 மி.மீ. மட்டும் இறக்கியிருந்தால் 6 மி.லி. காற்று மிச்சம், அழுத்தம் இரண்டு மடங்கு, தள்ளும் விசை இரண்டரை கிலோ. எல்லாப் பாட்டிலிலும் ஏறாமல் ஏழெட்டில் மட்டும் ஏறியதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது: கையால் நிரப்பும்போது மட்டம் ஒன்றுபோல வராது. மேலேறிய பாட்டில்களையும் மேலேறாதவற்றையும் பக்கத்தில் வைத்து ஒளியில் பாருங்கள், ஏறியவற்றில் சைடர் உயரமாக நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். அடுத்த முறை ஒரு குச்சியில் வாயிலிருந்து 6 செ.மீ. அளவுக்குக் கோடு போட்டு, ஒவ்வொரு பாட்டிலிலும் விட்டுப் பாருங்கள். கூடுதலாக இருப்பதை ஒரு உறிஞ்சுகுழாயால் எடுத்துவிடலாம்.

சைடர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பதும் முக்கியம். குளிர்ந்த சைடரில் வாயு நிறையக் கரைந்திருக்கும். அடைத்த பிறகு அது அறைச்சூட்டுக்கு வரும்போது அந்த வாயு மேலே வந்து சேரும். நீங்கள் குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்து அப்படியே நிரப்பியிருந்தால் அதுவும் காலையில் தெரிந்திருக்கும்.

முதல் இரவுக் கணக்கில் இன்னொரு குற்றவாளி, தக்கையைக் கொதிக்கவைத்தது. இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தக்கை என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை. அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள், ஒவ்வொன்றிலும் காற்று. அந்த அறைகளின் சுவர் நசுங்கி மீண்டும் விரிவதுதான் தக்கையின் உயிர். கொதிநீர் அதை மெத்தென்று ஆக்கிவிடும், அடைக்கும்போது எளிதாக வழுக்கிப் போகும், வழுக்கிப் போன அதே வழியில் திரும்பியும் வரும். தொழிற்சாலையில் தக்கையின் மேல் பூசும் மெல்லிய மெழுகுப் பூச்சும் கரைந்துபோகும். துகள்களை ஒட்டிச் செய்த தக்கையாக இருந்தால் விண்டுபோகவும் கூடும். மூடிய பையில் வரும் புதுத் தக்கையை அப்படியே உலர்வாக அடிக்கலாம். பை திறந்து பல நாள் ஆகியிருந்தால், கிருமி நீக்கும் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் ஒருமுறை முக்கி எடுத்து உதறி, மேல் ஈரம் காய்ந்ததும் பயன்படுத்துங்கள். நான் செய்வது இன்னும் எளிது: மூடியுள்ள ஒரு வாளியில் தக்கைகளைப் போட்டு, நடுவில் அந்தக் கரைசலை ஒரு திறந்த குப்பியில் வைத்து மூடிவிடுவேன். ஈரப்பதமும் கிருமி பயமின்மையும் சேர்ந்தே கிடைக்கும்.

அடுத்து, உள்ளே மூழ்கிப் போன இரண்டு. இது இயந்திரத்தின் குறை போலத் தோன்றும், ஆனால் அந்த இயந்திரம் தன் வேலையைத்தான் செய்தது. ஒயின் இயந்திரம் தக்கையை வாய்மட்டத்துக்கு இறக்குவதற்காகவே செய்யப்பட்டது. நுரைக்கும் பானத்துக்குத் தக்கை பாதிதான் உள்ளே போக வேண்டும், மறு பாதி வெளியே காளான் தலைபோல நிற்க வேண்டும். கம்பிக்கூடு அந்தத் தலையின் மேல்தான் உட்காரும். தலை இல்லாவிட்டால் கம்பிக்கு வேலையே இல்லை.

உண்மையான ஷாம்பெயின் தக்கை அடிக்கும் முன் காளான் வடிவத்தில் இருக்காது, நேரான உருளைதான். 31 மி.மீ. தடிமன், 48 மி.மீ. நீளம். உடம்பு துகள் தக்கை, அடியில் மட்டும் இயற்கைத் தக்கை வில்லைகள் ஒட்டியிருக்கும். அந்த வில்லைகள் உள்ள முனைதான் சைடரைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கசிவு நிச்சயம். 31 மி.மீ. தக்கையை 17.5 மி.மீ. வாய்க்குள் இறக்க வேண்டுமானால் அதற்கும் சற்றுக் குறைவாக நெரிக்க வேண்டும். வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில், தக்கையை நெரிக்கும் தாடைக்குள் அது நுழையவே நுழையாது. கட்டாயப்படுத்தினால் தாடை கோணிக்கொள்ளும், இல்லையென்றால் தக்கை பாதியில் சிக்கிக்கொள்ளும்.

வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்வது பெல்ஜியம் பீர் பாட்டில்களுக்குப் போடும் தக்கை. 25 மி.மீ. சொச்சம் தடிமன், 44 மி.மீ. நீளம். ஒயின் இயந்திரத்தின் தாடையில் இது போகும். பித்தளைத் தாடை உள்ள இயந்திரம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆழத்தைக் கட்டுப்படுத்த ஒரு கைப்பழக்கம் தேவை. நெம்புகோலை முழுக்க இறக்காதீர்கள். தக்கை பாதி இறங்கியதும் நெம்புகோலை அங்கேயே பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டில் நிற்கும் சுருள்வில் மேடையைக் கீழே அழுத்துங்கள். பாட்டில் கீழே இறங்கும், தக்கையின் மேல்பாதி தாடையிலிருந்து விடுபட்டு விரிந்து தலையாகும். முதல் பத்து தடவை சரியாக வராது. வெறும் தண்ணீர் ஊற்றிய பாட்டில்களில் பழகிக்கொள்ளுங்கள், சைடரில் பழக வேண்டாம். வெளியே 20 மி.மீ.க்குக் குறையாமல் நிற்கிறதா என்று அளவுகோலால் பார்த்துக்கொண்டால் போதும்.

கம்பிக்கூட்டின் கால்வளையம் பாட்டில் வாய்க்குக் கீழே இருக்கும் கண்ணாடி விளிம்புக்கு அடியில் போய் உட்கார வேண்டும். தக்கை மிக உயரமாக நின்றால் கம்பி அந்த விளிம்பை எட்டாது, விளிம்பின் மேலேயே முறுக்கினால் அது பிடிப்பது போலத் தெரியும், அழுத்தம் வந்ததும் வழுகி மேலே வரும். தக்கைத் தலையைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திக்கொண்டு, வளையத்தை ஆறு அரைத் திருகு திருகுங்கள். அடித்த உடனே, அடுத்த பாட்டிலைத் தொடும் முன்பே. எல்லாவற்றையும் அடித்துவிட்டு அப்புறம் கம்பி கட்டலாம் என்று வரிசையாக நிறுத்தினால், முதல் பாட்டிலுக்கு வருவதற்குள் அது ஒரு நூல் ஏறியிருக்கும்.

இப்போது பத்தாம் நாள் பிசுபிசுப்பு. இதை நான் ஒரு பாட்டிலில் மிகக் கிட்டத்தில் பார்த்துப் புரிந்துகொண்டேன். கசிந்த ஒன்றைக் குளிரவைத்துத் தக்கையைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அடியிலிருந்து தலை வரை, நூல் போல ஒரு பழுப்புக் கோடு. நகத்தை வைத்து ஓட்டினால் அங்கே ஒரு மடிப்பு தட்டுப்பட்டது. தக்கையின் மற்ற பக்கமெல்லாம் வெளுப்பாக, உலர்வாக இருந்தது. சைடர் அந்த ஒரே மடிப்பு வழியாக ஏறியிருக்கிறது. இயந்திரத்தைத் திறந்து பார்த்தால், தாடைத் துண்டுகள் சேரும் இடத்தில் பழைய சைடர் காய்ந்து கெட்டியாகி, ஒரு துண்டை அரை மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தது. அந்த இடுக்கில் தக்கையின் தோல் மாட்டி மடிந்திருக்கிறது. அதே நாளில் அடித்த மற்றத் தக்கைகளிலும் அதே பக்கத்தில் அதே கோடு.

உங்கள் மூன்று பாட்டில்களில் ஒன்றைத் திறந்து அதே சோதனையைச் செய்யுங்கள். ஒரே கோடாகக் கறை ஏறியிருந்தால் தாடைதான் காரணம்: துடைத்து, துண்டுகள் ஒரே மட்டத்தில் சேர்கின்றனவா பாருங்கள், தக்கையை நடுவில் நேராக வையுங்கள். கறை சுற்றிலும் சீராக ஏறியிருந்தால் தக்கை மெலிதாகவோ நைந்தோ இருந்திருக்கிறது, கொதிக்கவைத்ததை நினைவில் கொள்ளுங்கள். உதிர்ந்து பொடியாகக் கிடந்தால் தக்கை மிகவும் காய்ந்துபோனது. வாங்கும்போதே விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்லது பழைய உருவத்துக்குத் திரும்பி வரும். பாட்டில் வாயின் உட்புறத்தில் சில்லோ கீறலோ இருந்தாலும் கசியும், விரலை உள்ளே விட்டுத் தடவாதீர்கள், ஒளியில் சாய்த்துப் பாருங்கள்.

சத்தமே இல்லாமல் திறந்த பாட்டிலைப் பற்றி ஒரு சந்தேகம் வர வேண்டும். வாயு வந்து கசிந்து போனதா, அல்லது வாயு உண்டாகவே இல்லையா? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது, எல்லோரும் செய்தால் நன்றாக இருக்கும். அடைத்த அன்றே ஒரு நாலைந்து பாட்டில்களைச் சமையலறைத் தராசில் கிராம் கணக்காக எடை போட்டு, கழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். மூடிய பாட்டிலுக்குள் சர்க்கரை வாயுவாக மாறினாலும் மொத்த எடை மாறாது. எடை குறைந்தால் ஏதோ வெளியே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். 750 மி.லி. பாட்டிலில் உங்கள் கணக்குப்படி மொத்தம் ஐந்து கிராம் அளவு கார்பன் டை ஆக்ஸைடு இருக்கும். மூன்றாவது வாரம் நாலு கிராம் குறைந்து, நுரையும் இல்லை என்றால் குற்றம் தக்கைமேல். எடை அப்படியே இருந்து நுரை இல்லை என்றால் தக்கை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, ஈஸ்ட்தான் வேலை செய்யவில்லை. குளிரான இடத்தில் வைத்திருக்கலாம், அல்லது மாதக்கணக்கில் தெளியவைத்ததில் உயிருள்ள ஈஸ்ட் மிகக் குறைந்திருக்கலாம். 20 டிகிரி பக்கம் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவது பாதுகாப்பு விஷயம், இதை நிதானமாகப் படியுங்கள். அடைக்கும்போது ஹைட்ரோமீட்டர் (அடர்த்தியை அளக்கும் கருவி; சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) 1.002 காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். சைடர் 1.000-க்குக் கீழே, 0.998 வரைகூட இறங்கும். அந்த நாலு புள்ளி (0.004) இறக்கம் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரைக்குச் சமம். அதாவது நீங்கள் சேர்த்த அதே அளவு சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கலாம், வாயு கிட்டத்தட்ட ஆறு லிட்டர் கணக்குக்குப் போகலாம். உங்களுடையவை கனமான ஷாம்பெயின் பாட்டில்கள் என்பதால் கண்ணாடி தாங்கும். சாதாரண ஒயின் பாட்டில் இந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை, அதில் ஒன்றுகூட நிரப்பியிருந்தால் இன்றே தனியாக எடுத்துக் குளிரில் வையுங்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து, அளவு மாறாமல் நின்ற பிறகுதான் அடைக்க வேண்டும். தக்கை மேலேறியதைப் பார்த்து இன்னும் இறுக்கமான கம்பியைத் தேடுவதற்கு முன், சில நேரம் அந்தத் தக்கை உங்களை எச்சரிக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

கையில் இருக்கும் பாட்டில்களை இப்படிக் காப்பாற்றலாம். எல்லாவற்றையும் நிமிர்த்தியபடியே குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் முழுக்க வையுங்கள். குளிர்ந்ததும் அழுத்தம் பாதிக்கும் கீழே வந்துவிடும், திறக்கும்போது பொங்கி வழிவதும் குறையும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, பாட்டிலைச் சுற்றித் துண்டு. முகத்தைப் பாட்டிலுக்கு நேராகக் கொண்டுபோகாமல் கம்பியைத் தளர்த்தித் தக்கையை மெல்லத் திருப்பி எடுங்கள். உள்ளே மூழ்கிய இரண்டுக்கும் தக்கைத் திருகி வேண்டும். அவற்றில் கம்பியும் இல்லை, திருகும்போது கையில் எகிறும் ஆபத்து உண்டு, அதனால் அவற்றை மட்டும் கடைசியில், முழுக்க குளிர்ந்த பிறகு எடுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, உடனே புதுத் தக்கை அடித்து, உடனே கம்பி கட்டி, அப்புறம் அடுத்தது. கொஞ்சம் வாயு போகும், பெரிதாகத் தெரியாது.

தக்கை வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால், பல ஷாம்பெயின் பாட்டில்களின் வாயில் சோடா மூடி போடும் விளிம்பு இருக்கிறது. ஐரோப்பியப் பாட்டில்களுக்கு 29 மி.மீ., சில அமெரிக்கப் பாட்டில்களுக்கு 26 மி.மீ. உங்கள் பாட்டிலுக்கு எது பொருந்துகிறது என்று ஒரு மூடியை வைத்துப் பார்த்துவிட்டு மூடிக்கருவியை வாங்குங்கள். ஷாம்பெயின் செய்பவர்களில் பெரும்பாலோர் பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாவது நொதிப்பு முழுவதையும் அந்த மூடியின் கீழேதான் நடத்துகிறார்கள். தக்கை கடைசியில்தான் வருகிறது. தட்டி இறக்கும் பிளாஸ்டிக் மூடியும் உண்டு, கம்பியோடு சேர்த்தால் சில மாதம் தாங்கும், ஆனால் எல்லாப் பாட்டில் வாய்க்கும் ஒன்றுபோலப் பொருந்தாது.

மறுபடி அடைத்த பாட்டில்களை முதல் ஒரு வாரம் நிமிர்த்தியே வையுங்கள், தக்கை விரிந்து கண்ணாடியைப் பற்றட்டும். அதன் பிறகு இரண்டை மட்டும் ஒரு தாம்பாளத்தில் பழைய செய்தித்தாள் விரித்துப் படுக்க வையுங்கள். தாளில் ஈரவட்டம் விழாமல் பத்து நாள் போனால், மற்றவற்றையும் படுக்கப் போடலாம்.